வாடகை லென்சின் பாரம்
நெடுந்தீவில் வெயில் சாய்கிறது. கல்யாணவீடுகளுக்குப் படம் எடுக்கும் மேர்சி, வாங்குவதா விடுவதா என்று பார்க்க யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு எடுத்த நீண்ட லென்சோடு கல்வேலியின் பின்னால் குந்தியிருக்கிறாள். அவளுடைய சின்ன லென்சோடு கிட்டப் போனபோதெல்லாம் ஆளில்லாமல் திரியும் கட்டாக்காலிக் குதிரைகள் வெருண்டு ஓடின. இப்போது தூரத்தில் நிற்கும் ஒன்றின் பிடரியில் ஒட்டிய புல்லுக்கூடத் தெரிகிறது. பாரத்தில் கை நடுங்குகிறது. படகில் உப்புத்தண்ணீர் தெறிக்காமல் லென்சைச் சுற்றிக் கொண்டுவந்த துவாயை மடித்துக் கல்லில் வைத்து, அதன்மேல் லென்சைக் கிடத்தி, மூச்சை அடக்கிக் கமராப் பொத்தானை அமத்துகிறாள். குதிரை காதை மட்டும் திருப்புகிறது, ஓடவில்லை. “உமக்கு உது பாரமப்பா, திருப்பிக் குடுத்திடும்,” என்கிறான் பக்கத்தில் குந்தியிருக்கும் புருசன் அமலதாஸ். “பாரமோ எண்டு பாக்கத்தான் வாடகைக்கு எடுத்தனான். பாரம்தான்,” என்கிறாள், கண்ணை எடுக்காமல். “வாங்கத்தான் போறன்.”