கதவை மூடியவருக்கு

மூன்றே வரி எழுதி, தொண்ணூற்றாறு வீட்டுக்காரர்களை ஒரே வாரத்தில் உத்தமர்களாக்கியவன் நான்.

சிரிக்காதீர்கள். முப்பத்தோரு வருடம் மருந்துக் கம்பெனியில், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை எழுதியவன். கோடிக்கணக்கில் அச்சாகியும் ஒருவர்கூடப் படிக்காத எழுத்தாளன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். எதைப் படிக்க மாட்டார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு இழுத்து மூடும் கம்பிக் கதவு. யாராவது மூடாமல் போனால் அந்த மாடியிலேயே படுத்துவிடும்.

நாங்கள் எட்டாவது மாடி. என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். லிஃப்ட் படுத்த நாளெல்லாம் நானும் வாட்ச்மேனும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். போன மாதம் இரண்டு தடவை நேரம் தவறிப் போனது. இன்னொரு தடவை தவறினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒன்பது அறிவிப்பு ஒட்டினார். சிவப்பு மை, அடிக்கோடு, ‘கடும் நடவடிக்கை’. அறிவிப்பு என்றால் அது பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே! தன்னைப் புகழும் காகிதத்தை மட்டும் எவரும் தாண்டிப் போனதில்லை.

ஒன்பதையும் கிழித்துவிட்டுப் புதன்கிழமை சாயங்காலம் ஒரு கடிதம் ஒட்டினேன். கையெழுத்தில்.

‘இன்று காலை லிஃப்ட் கதவை மூடிவிட்டுப் போனவருக்கு: உங்களால் என் மனைவி நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். உங்கள் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. நன்றாக இருங்கள்.’

எந்த மாடி, ஆணா பெண்ணா, ஒன்றும் எழுதவில்லை. யார் போட்டாலும் பொருந்துகிற சட்டை.

செயலாளர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “நம்ம கட்டடத்துல கதவை மூடுற மகராசன் ஒருத்தன் இருக்கானா? போங்க சார், மாத்திரைப் பெட்டியிலயாவது உண்மைய எழுதினீங்களா?”

வியாழக்கிழமை, ஐந்தாம் மாடி அம்மாள் இரண்டு கையிலும் பையோடு, முழங்காலால் தள்ளிக் கதவை மூடினார்.

வெள்ளிக்கிழமை ஒருவர் தெருமுனை வரை போனவர், மூடினோமா என்று திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமைக்குள் கதவை மூட அடிதடி. லிஃப்ட் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தது. என் மனைவி மகாராணி மாதிரி இறங்கினாள். நர்ஸ் வருவதற்கு முன்னால் நாங்கள் போய் உட்கார்ந்திருந்தோம்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தப் புதன்கிழமை லிஃப்ட் நாலாவது மாடியில் படுத்துத்தான் கிடந்தது. எட்டு மாடியும் நாற்காலிதான். வாட்ச்மேனுக்குத் தெரியும். கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், அவ்வளவுதான்.

நேற்று செயலாளர் வீட்டுக்கு வந்தார். சோபா நுனியில் உட்கார்ந்து, என் மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க எழுதினது நெசந்தான் சார். அன்னைக்கு மூடினது நான்தான். வெளிய சொல்லிக்க வேணாம்.”