பதினைந்து வாட்ஸ் புனல்

வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது லாபிருக்கு. இரத்தோட்டை பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லயம் வரை, திருவிழாப் பாட்டுக்காக அந்த இரும்பாய்க் கனத்த வால்வு அம்ப்ளிபயரை அவனே சுமந்து ஏறியிருந்தான். காலையில் தின்றது அவித்த மரவள்ளி இரண்டு துண்டு. எழுபத்து நான்காம் வருடப் பஞ்சத்தில் அதுவே பெரிய சாப்பாடு.

ஒலிபெருக்கிப் புனல்கள் இரண்டையும் இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்குள் கோயில் தலைவர் இருளாண்டி வந்து நின்றான்.

"நானா, ஒரு பொனல கோயில் மரத்துல கட்டுங்க. மத்தத எங்க காம்பரா வாசல்ல கட்டிருங்க."

லாபிர் லயத்து வீட்டு வரிசையைப் பார்த்தான். இருளாண்டியின் ஒற்றையறைக் காம்பரா மட்டும் சாத்திக் கிடந்தது. மற்றத் தோட்டங்களில் அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரி கட்டச் சொல்லித்தான் சண்டை பிடிப்பார்கள்.

"என்ன தலைவர், ஒங்க ஊட்டுக்குத் தனிக் கச்சேரியா?"

இருளாண்டி சிரிக்கவில்லை. "சத்தம் மட்டும் கொறையப்படாது. நல்லா முழுசா வைங்க."

"முழுசா வைக்கவா? மிசின் ஐம்பது வாட்ஸ். பொனல் பதினஞ்சுதான் தாங்கும், அதுவும் என்ட வாப்பா காலத்துப் பொனல். நாலு பொனலுக்குச் செஞ்ச மிசின் இது. ரெண்டு கருகிப் போய்ட்டு. பொனலுக்குள்ள போடுற புது யூனிட் கொழும்புலயும் இல்ல, சாமான் வாறத நிப்பாட்டிட்டாங்க. ஈக்கிற ரெண்டும் போனா என்ட புள்ளைகள் பட்டினி."

சத்தக் குமிழின் பக்கத்தில் தானே கீறியிருந்த வெள்ளைக்கோட்டைத் தொட்டுக் காட்டினான். "இந்தா, இதுதான் எல்ல. இதத் தாண்டினா உள்ளுக்கு ஈக்கிற கம்பிச்சுருள் எரிஞ்சிரும்."

தேயிலை ஸ்டோரிலிருந்து இழுத்த கரண்ட் வந்தது. வால்வுகள் மெல்லச் சிவந்தன. அம்மன் பாட்டு மலைச்சரிவில் இறங்கியது.

கோயிலுக்குப் பின்னால் கிடாரத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது. வாராவாரம் கூப்பன் அரிசியில் வீட்டுக்கொரு கைப்பிடி எடுத்துச் சேர்த்த சோறு. அந்த வாசனைக்கே சனம் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகளின் கழுத்து எலும்பை எண்ணலாம்.

"போன வருசம் திருநா அன்னிக்குப் பாத்து கீழ்லயத்துக் கெழவன் செத்துத் தொலைச்சான்," என்றான் வெள்ளையன், இலையைத் துடைத்துக்கொண்டே. "லயத்துல எழவுன்னு ஆக்குன சோத்தையெல்லாம் சாக்கடைக் கான்ல கொட்டுனோம். யப்பா, நான் தின்னு முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் சாவாதீங்க!"

வரிசை முழுதும் சிரித்தது.

பூசாரி கரண்டியை நீட்டினார். முதல் கரண்டி தலைவர்தான் போட வேண்டும். இருளாண்டி கோயில் எல்லைக்கல்லுக்கு வெளியே நின்றபடி தலையாட்டினான். "நீங்களே போடுங்க சாமி."

"தலைவரு தொரையாகிட்டாருப்பா," என்றான் வெள்ளையன். "கரண்டியெல்லாம் புடிக்க மாட்டாரு."

முதல் பந்தி தொடங்கியது. லாபிர் லயத்துப் பக்கம் போய்ப் புனலை ஒருமுறை பார்த்தான். பாட்டுக்கு அடியில் ஏதோ முனகுவது கேட்டது. கெட்ட சகுனம். யூனிட் சாகப் போகிறபோது இப்படித்தான் முனகும். திரும்பி ஓடிவந்து குமிழைக் கொஞ்சம் குறைத்தான்.

சத்தம் இறங்கியதும் இருளாண்டி பாய்ந்து வந்தான். "கொறைக்காதீங்க!"

"யூனிட் மொனகுது தலைவர். எரிஞ்சிரும்!"

"மொனகட்டும்!"

லாபிரின் கையைத் தட்டிவிட்டுக் குமிழை வெள்ளைக்கோட்டுக்கு அப்பால் திருகினான். வால்வுகள் நீலம் பாய்ந்தன. லயத்துப் புனல் கிழிந்த குரலில் ஒருமுறை அலறியது. 'டப்' என்றது. அடங்கிவிட்டது.

கோயில் மரத்துப் புனல் மட்டும் பாடியது. லாபிர் பாய்ந்து அதையாவது கோட்டுக்குள் கொண்டுவந்தான். இலைகளிலிருந்து யாரும் தலை நிமிரவில்லை.

லாபிர் லயத்துக்கு ஓடினான். புனலின் பின்பக்கம் கை வைக்க முடியாமல் கொதித்தது. கருகிய நாற்றம். ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

"படுபாவி! ஒன்ட பெருமைக்கு என்ட சோத்துல மண் அள்ளிப் போட்டியேடா!"

இருளாண்டி பின்னாலேயே வந்து நின்றான்.

அப்போதுதான் லாபிருக்கு உறைத்தது. புனல் செத்துவிட்டது. முனகல் நிற்கவில்லை.

அது சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது. யாரோ ஒரு பெண், வாயில் சீலையை அடைத்துக்கொண்டு.

லாபிர் கதவைப் பார்த்தான், பிறகு இருளாண்டியைப் பார்த்தான். இருளாண்டி இரண்டு கையையும் கூப்பினான்.

"சத்தம் போடாதீங்க நானா, கடைசிப் பந்தி எந்திரிக்கட்டும். ஒங்களுக்கு ஒரு யூனிட் கடன். விடியக்காலைல செத்த எம் மகளுக்கு ஒரு அழுக கடன்."