சுத்தமாக நின்ற ஒரே கார்

பதினான்கு கார்கள் பனிக்குள் புதைந்து கிடந்தன. ஒன்று மட்டும் இப்போதுதான் கடையிலிருந்து எடுத்து வந்ததுபோல் பளபளவென்று நின்றது.

போலீஸ் அதிகாரி நேராக அதனிடம் போனார்.

"இது யாரோடது?"

நிலக்கரி நகரமான கரகண்டாவின் அந்த அடுக்ககத்தில் இதைக் கேட்கவே வேண்டாம். துர்லிபெக்கின் வெள்ளைக் கார்.

முற்றத்தில் கார் நிறுத்த இருந்த இரும்புக் கொட்டகைகளை இடித்து ஊஞ்சல் போட்ட பிறகு, எல்லோரும் காரை வானத்தின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். அவர் மட்டும் விடவில்லை.

தண்ணீர் ஊற்றினால் அந்தக் குளிரில் கதவு ஒட்டிக்கொள்ளும். அதனால் தினமும் காலை ஆறு மணிக்கு உதிரிப் பனியை அள்ளிக் கார்மேல் வீசி, மென்மயிர்த் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவார். பெண்கள் கம்பளத்தைப் பனியில் போட்டுத் தேய்ப்பார்களே, அதே வித்தைதான். நிலக்கரிப் புழுதியெல்லாம் பனியோடு போய்விடும்.

பிறகு கதவு ரப்பருக்குக் கிளிசரின் பூசுவார். அதில் பாதியைப் பெண்டாட்டி ரைகுலின் கைக்குக் கொடுத்திருந்தால் அவள் கை இப்படி வெடித்திருக்காது என்பது முதல் மாடி ஜோயாவின் கட்சி.

இன்று அந்தச் சுத்தமே வினையாகிவிட்டது.

முந்தின இரவு பத்து மணிக்குப் பனி பிடித்தது. நாலு மணிக்குத்தான் விட்டது. நடுவில், ஒரு மணிவாக்கில், தெருவில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஏதோ வெள்ளைக் கார் இடித்துவிட்டு நிற்காமல் இந்த முற்றத்துக்குள் திரும்பியிருக்கிறது. அவள் ஆஸ்பத்திரியில். உயிர் இருக்கிறது, நினைவு இல்லை.

வெள்ளைக் காருக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் மற்றவை எல்லாம் முழங்கை உயரப் பனியைச் சுமந்துகொண்டு யோக்கியர்களாக நின்றன.

"ராத்திரி எங்கே போயிருந்தீங்க?"

துர்லிபெக் வாயைத் திறக்கவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இருபத்தாறு வருஷமாக இரண்டு பேருக்கும் சேர்த்து ரைகுல்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன், துர்லி அண்ணே," என்றாள் ஜோயா, வீட்டுச் செருப்போடு பனியில் நின்றபடி. "அழுக்கா வச்சிருந்தா ஒரு பயலும் திரும்பிப் பார்க்க மாட்டான்னு."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. போலீஸ் ஜீப்பின் கதவைத் திறந்தார்.

ரொட்டி வாங்கக் கிளம்புகிறவர்போல் துர்லிபெக் நடந்தார். ரைகுலுக்குப் பொறுக்கவில்லை. ராத்திரி முழுக்கப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்ட மனுஷன். செய்யாத பாவத்துக்கு ஜெயிலுக்கா போவார்?

"உங்க பிள்ளை எல்தோஸை எழுப்பிக்கிட்டு வரேன். அவனாவது ரெண்டு வார்த்தை பேசட்டும்."

"தூங்குறவனை எதுக்கு எழுப்புறே?" என்றார் துர்லிபெக். "நீயும் வீட்டுக்குப் போ."

போகிறவளா அவள்?

"தம்பி, நில்லுங்க." ரைகுல் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள். "மேலே இருக்கிற பனியைப் பார்த்தா நியாயம் சொல்லுவீங்க? மேலே இருக்கிறதை யார் வேணா கூட்டலாம், யார் வேணா கொட்டலாம். அடியில பாருங்க."

"அடியிலயா?"

"நேத்துச் சாயந்திரம்தான் டிராக்டர் வந்து முற்றத்தைத் தார் தெரியச் சுரண்டிட்டுப் போச்சு. பனி விழறதுக்கு முன்னாடியே நின்ன காருன்னா அடியில தார் இருக்கும். ஒரு மணிக்கு வந்து நின்ன காருன்னா அடியில பனி இருக்கும். குனிஞ்சு பாருங்க, தம்பி. முழங்கால் ஒண்ணும் தேஞ்சிடாது."

ஜோயாகூட அசந்துதான் போனாள்.

துர்லிபெக் ரைகுலைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். வாயைக் கொஞ்சம் மூடேன் என்கிற அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம்தான். பொருட்படுத்தவில்லை.

அதிகாரி முழங்காலிட்டு, டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

தார். கன்னங்கரேலென்று, ஒரு பொட்டுப் பனி இல்லாமல்.

எழுந்தவர் ஜீப்பின் கதவைத் தானே சாத்தினார். "மன்னிச்சிடுங்க, அண்ணே" என்று துர்லிபெக்கிடம் கையை நீட்டினார். ரைகுல் முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்காரிபோல.

"நல்ல யோசனை, அக்கா," என்றார் அதிகாரி. "இதே மாதிரி எல்லாத்தையும் பார்த்துடறேன்."

அடுத்த பனிக்குவியலிடம் போனார். தார். அதற்கடுத்தது. தார். அதற்கடுத்தது.

நாலாவது குவியலின் அடியிலிருந்து டார்ச் வெளிச்சம் வெள்ளையாகத் திரும்பி வந்தது.

அதிகாரி கையை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நிறையப் பனி. பிறகு எழுந்து, காரின்மேல் ஏறியிருந்த முழங்கை உயரப் பனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது யாரோடது?"

ஜோயா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எல்தோஸின் கார் என்று முற்றத்தில் தெரியாதவர் இல்லை.

மகன் தூங்கிக்கொண்டிருந்த மூன்றாம் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்க ரைகுல் பயந்தாள்.

துர்லிபெக் பக்கத்தில் வந்து நின்றார். கோபமே இல்லாத குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"விடியக்காலைல ஒரு மணி நேரம் அது மேல அள்ளி அள்ளிப் போட்டேன், ரைகுல். அடியைப் பத்தி எனக்குத் தோணலை."