எத்தனை வருஷத்துச் சுண்ணாம்பு

"சுண்ணாம்பு" என்றார் டாக்டர்.

அவள் திரும்பிக் கணவரின் உதட்டைப் பார்த்தாள். சிவப்பு இல்லை. இருந்தாலும் பார்த்தாள்.

திரையில் அவருடைய இதயம் துடித்தது. ரத்தக் குழாயின் ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு. டாக்டர் அதைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். கல்லாக இறுகிவிட்டதாம். வெறும் பலூனை விட்டு ஊதினால் குழாய் விரியாதாம். முதலில் சுண்ணாம்பை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் ஸ்டென்ட் வைக்க முடியும்.

இரண்டு வழி சொன்னார்.

வைரத்தூள் பதித்த குட்டி முனையைச் சுழலவிட்டு அரைப்பது ஒன்று. நுழையவே இடமில்லாத அடைப்பில் அதுதான் பாதை போடும். ஆனால் அரைத்த தூள் கீழே போய் ரத்த ஓட்டத்தை மறிக்கலாம்.

மற்றது, அதிர்வு அனுப்பும் பலூன். சிறுநீரகக் கல்லை உடைப்பதுபோல, இருந்த இடத்திலேயே சுண்ணாம்பில் விரிசல் விடவைக்கும். ஆழத்தில் இருப்பதையும் விடாது. ஆனால் அந்தப் பலூன் உள்ளே போக இடம் வேண்டுமே.

"ரெண்டையும் நீங்க புரிஞ்சுக்கிட்டா நல்லது" என்றார்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காதில் ஏறியது ஒரே சொல்.

கல்யாணமான புதிதில் அவர் வாயில் எந்நேரமும் வெற்றிலைதான். மகள் வயிற்றில் இருந்தபோது அந்த வாடை அவளுக்குக் குமட்டியது. விட்டுவிட்டேன் என்றார். அன்றிலிருந்து முப்பது வருஷமாக வீட்டில் வெற்றிலை இல்லை, சுண்ணாம்பு டப்பா இல்லை. சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ஆனால் சங்கக் கூட்டம் முடிந்து வரும் நாட்களில் அவரிடம் கிராம்பு மணக்கும். பல்வலி என்பார். எந்தப் பல் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு பல்லைக் காட்டுவார்.

"இது எத்தனை வருஷத்துச் சுண்ணாம்பு, டாக்டர்?"

"ஒரு நாள்ல சேர்றதாம்மா இது? பத்துப் பதினஞ்சு வருஷமாவது இருக்கும்."

அவள் நாற்காலியைக் கணவர் பக்கம் திருப்பினாள். காலையிலிருந்து இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. இப்போது ஆத்திரம்தான்.

"வெத்தலைய விட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

அவர் திரையையே பார்த்தார். உள்ளே இருப்பதெல்லாம் இப்படி வெளியே தெரியும்போது இனி எதை மறைப்பது என்று நினைத்தாரோ என்னவோ.

"அவ மடிச்சு நீட்டுறப்ப எப்படி வேண்டாங்கறது?"

டாக்டர் பேனாவை மூடினார்.

"அம்மா, வெத்தலைச் சுண்ணாம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது உள்ளயே படியற கால்சியம். வெத்தலையத் தொடாதவங்களுக்கும் வரும்."



அவள் வெற்றிலையைப் பற்றித்தான் கேட்டிருந்தாள். ஆளைப் பற்றிக் கேட்கவேயில்லை.

நெஞ்சு எரிந்தது. அவளுடைய நெஞ்சு.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு சார்கூட யாரும்மா இருக்கப் போறீங்க? பேர் சொல்லுங்க."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவரையே கேளுங்க."