ஆறாம் நம்பர்

"அந்த ஆறாம் நம்பரைத் தூக்கிப் போட்டுரு பாண்டிமீனா. எங்கயோ லேபிள் மாறியிருக்கு."

பேராசிரியர் நல்லகாமன் திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"காரணமில்லாம எப்படி சார் தூக்குறது? வைவா பரீட்சையில கேப்பாங்களே?"

"லேபிள் மாறிப்போச்சுன்னு எழுது. அம்புட்டுதான்."

பாண்டிமீனா தலையாட்டினாள். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அந்த ஆறாம் நம்பர் யாருடைய ரத்தம் என்று அவளுக்குத் தெரியும். அவளுடையதுதான். வேறு யாருடையதாக இருக்க முடியும்?

நாகமலை புதுக்கோட்டையில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் அவள் எடுத்துக்கொண்டது தனிமையைப் பற்றிய ஆராய்ச்சி. மரபணுக்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். துணையில்லாமல் கிடப்பவர்கள் உடம்பில், ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அதைக் கேட்டுச் சில மரபணுக்கள் கண்மூடாமல் வேலை பார்க்கும். தனியாகப் படுத்திருப்பவர் சின்னச் சத்தத்துக்கும் எழுந்து உட்காருவது மாதிரிதான்.

திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில், பிள்ளைகள் வெளியூர் போய்விட ஒண்டியாக இருக்கும் பெரியவர்களிடம் அவள் ரத்தம் வாங்கி வந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, தனிமையில் இல்லாதவர்கள் வேண்டுமே? ஆய்வுக்கூடத்து வழக்கப்படி, அங்கே வேலை பார்த்தவர்களே கையை நீட்டினார்கள். குழாயில் பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். எது யாருடையது என்பது நல்லகாமனுக்கு மட்டுமே தெரியும்.

"இந்த அல்லி ராஜ்யத்துல ஒத்த ஆம்பள நான். என் ரத்தமும் வேணுமாக்கும்?" என்று சிரித்தபடி அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

கணினி கணக்குப் போட்டது. கூடத்து ஆட்கள் ஒரு பக்கம், பெரியவர்கள் மறுபக்கம் என்று புள்ளிகள் அழகாகப் பிரிந்து விழுந்தன. கூடத்துக் குழாய்களில் ஆறாம் நம்பர் மட்டும் பெரியவர்கள் நடுவே போய்க் குந்திக்கொண்டது.

பாண்டிமீனாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கூடத்தில் வாயாடி என்று பேர் வாங்கியவள். ஆனால் வாடகை அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரை வாயைத் திறக்க வேலையிருக்காது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணனோடு பேச்சு வார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. லீவு நாளில் பரவை மார்க்கெட்டுக்குப் போவாள், காய் வாங்க அல்ல. விலை கேட்டால் நாலு பேர் "வா தாயி, என்ன வேணும்?" என்று பேசுவார்களே, அதற்காக. இந்த லட்சணம் ரத்தத்திலும் தெரிந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

"என்னடி யோசனை? சோத்தைத் தொற. இப்ப சாருக்கு வீட்டம்மா போன் வந்துரும் பாரு" என்றாள் பக்கத்து மேசை சத்யப்ரியா.

தினமும் மதியம் ஒரு மணிக்கு அந்தப் போன் அடிக்கும். நல்லகாமன் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, சாப்பிட்டதையும் பேரன் சேட்டையையும் மெல்லிய குரலில் பேசுவார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"என் வீட்டுக்காரரும் இருக்காரே, நான் இருக்கேனா செத்தேனான்னு ஒரு போன் கெடையாது" என்று அலுத்துக்கொண்டாள் சத்யப்ரியா. "சார் குடுத்து வச்சவரு."

ஆமாம் என்று தோன்றியது பாண்டிமீனாவுக்கு. மருமகள், பேரன் என்று வீடு கொள்ளாத ஜனமாம். அவர்களை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று எத்தனை முறை கேட்டாலும், "இன்னொரு நாளைக்கு வாங்கம்மா, இப்ப வீட்டுல ஒரே கூட்டம்" என்பார்.

நல்லகாமன் கை கழுவப் போனார். பாண்டிமீனா ஆறாம் நம்பரை நீக்கப் போனாள். விரல் நின்றது. போகிறதுதான் போகிறது, தன்னுடையதா என்று ஒருதடவை பார்த்துவிட்டால் என்ன? மரபணு பேர் சொல்லாது. ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். ஆணிடம் மட்டுமே விழித்திருக்கும் சிலவற்றைத் தேடினாள்.

எல்லாமே விழித்திருந்தன.

"சத்யா, இது ஆம்பள ரத்தம்டி!"

"அப்ப சாரோடதா? நல்ல கூத்து! ஊர்ப் பெரியவர் யாரோட குழாயோ மாறி வந்திருக்கும்."

அதுதானே? சார் சொன்னது சரிதான், லேபிள்தான் மாறியிருக்கிறது. அப்படியானால் தன் ரத்தம், இந்தக் கூடத்து ஜனங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறது! பாண்டிமீனாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. இதை உடனே அவரிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தாள்.

அப்போது அவருடைய மேசையில் போன் அடித்தது. கட் ஆகிவிடக் கூடாதே என்று எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். ஓடும்போதே, கூப்பிடுவது யார் என்று திரையைப் பார்த்தாள். பேர் இல்லை, நம்பரும் இல்லை. ஒரு மணியின் படம். அதன் கீழே 'அலாரம்' என்று மட்டும் இருந்தது.

நல்லகாமன் ஈரக் கையோடு அதை வெடுக்கென்று வாங்கினார். சத்தத்தை நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காதில் வைத்தார்.

"சொல்லுடி... ம்ம், சாப்பிட்டாச்சு. பேரன் தூங்கிட்டானா? சரி சரி, இன்னைக்கு வெள்ளன வாரேன்."