நிற்காத அடி

டீ இடைவேளையில் மாரிசெல்வி, ஜெர்மன் ராக் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஒலிப்பதிவைப் போட்டாள். "எழுபதுகள்ல வந்த ரெக்கார்டு. எந்த பேண்டுன்னு சொல்லுங்க பாப்போம்."

"இன்னா அடி இது, நிக்கவே மாட்டேங்குதே" என்று ஐஸ்வர்யா உருகினாள்.

"இந்த ரெக்கார்டு என்னான்ட கீது" என்றார் திருமலை.

மாரிசெல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது ஒரகடம் கம்பெனியில் அவள் ஓட்டும், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மெஷினின் சத்தம். காலையில் ஷெட்டுக்கு வெளியே நின்று பதிந்தது.

"அளக்காதீங்க சார். கடைசில என்ன வரும்?" என்று மடக்கினாள்.

"அடி டக்குனு நின்னுடும். 'மாரி'ன்னு ஒரு பொண்ணு கத்துவா. அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேப்பேன்."

அவள் பதிவில் அப்படி எதுவும் இல்லை. குழுவில் அவள் தன் பெயரைச் சொன்னதும் இல்லை. அவளுக்குப் பதிலாக இப்போது மெஷினில் நிற்பவள் அறைத்தோழி இசக்கி.

டம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஷெட் வாசலை எட்டுவதற்குள் உள்ளே அடி நின்றது.