ஆந்தை சொன்ன போர்டு

"அந்த ஆந்தை மட்டும் ஒரு நாள் என் கடைக்குள்ள காலடி எடுத்து வைக்கட்டும். எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கறேனா இல்லையா பாருங்க!"

கடைக்காரர் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஆந்தை கடைக்குள் நுழைந்தாள்.

நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வந்தது தன் கணினிக்கு ஒரு சின்ன விசிறி வாங்க. திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தால், பின்னால் கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இணையத்தில் கேம் ஆடுகிறவர்களின் குழு ஒன்றில் மூன்று வருடமாக அவள் பெயர் ஆந்தை. படமும் பெரிய கண் வைத்த ஓர் ஆந்தைதான். குறைந்த விலையில் எந்த ப்ராசசர், எந்த மதர்போர்டு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதுவாள். எல்லாரும் 'ஆந்தை சார்' என்பார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே அறைக்குள் ஒளிந்துகொள்கிறவள். அந்த 'சாரை' அவள் திருத்தவே இல்லை.

"நீங்க என்ன வேணா சொல்லுங்க," என்றார் கவுண்டர் முன்னால் பஸ் டிரைவர் சீருடையில் நின்ற மனிதர். "ஆந்தை சார் சொன்ன போர்டுதான் எனக்கு வேணும். கடைக்காரங்க விலை கூடின போர்டைத் தலையில கட்டப் பாப்பாங்க, ஏமாந்துடாதீங்கன்னு அவரு முன்னாடியே எழுதியிருக்காரு."

"சார், இந்த ப்ராசசர் இந்த போர்டுக் குழியில கச்சிதமா உட்காரும். ஆனா ஓடாது. திரை கறுப்பாவே நிக்கும். இதுக்கு அடுத்த போர்டை எடுத்துக்குங்க, விலை கொஞ்சம்தான் கூட."

"பாத்தீங்களா! அவரு சொன்ன மாதிரியே சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்கு கேம் போட்டி. இப்ப இருக்கிற கம்ப்யூட்டரு பாதி ஆட்டத்துல நின்னு தொலையுது. விளையாடாதீங்க."

அவளுக்குச் சுரீரென்றது. மகள், ஞாயிற்றுக்கிழமை, போட்டி. முந்தாநாள் குழுவில் வந்த கேள்வி. 'தாராளமா வாங்குங்க' என்று எழுதியவள் அவள்தான்.

எழுதும்போது, ப்ராசசர் குழியில் பொருந்துமா என்று மட்டும் பார்த்தாள். அந்த போர்டில் எதெது ஓடும் என்று கம்பெனி ஒரு பட்டியல் போட்டிருக்குமே, அதைப் பார்த்தாளா? ஊருக்கெல்லாம் நூறு தடவை சொல்கிறவள், பட்டியலைப் பாருங்கள் என்று.

மொபைலில் பட்டியலைத் திறந்தாள். மேலிருந்து கீழே வந்தாள். கீழிருந்து மேலே போனாள். அந்த ப்ராசசர் இல்லை.



"சரி, உங்க இஷ்டம்." கடைக்காரர் அலுத்துப்போய், பெட்டி பிரிக்கிற கத்தியைக் கையில் எடுத்தார். "பிரிச்சுட்டா திருப்பி எடுக்க மாட்டோம். அப்புறம் உங்க ஆந்தைகிட்டயே போய் அழுங்க."

"பிரிங்க, பிரிங்க."

"அண்ணா..."

குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அண்ணா, அந்த போர்டு வேண்டாம். கடைக்காரர் சொல்றது சரிதான்."

டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, நீயும் இந்தக் கடை ஆளா?"

"இல்லண்ணா..."

"பின்ன? ஆந்தை சாருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடப் போவுது?"

நான்தான் ஆந்தை. இரண்டே சொல். நாக்கு எழவில்லை. சொன்னால் கடைக்காரர் இங்கேயே நிற்க வைத்துக் கேட்பார். நாளைக்குக் குழு முழுக்கச் சிரிக்கும்.

கத்தி பெட்டியின் ஒட்டு நாடாவைத் தொட்டது.

"ஒரு நிமிஷம்!" என்று அலறியே விட்டாள். கடைக்காரர் கை நின்றது. மொபைலைக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்து, குழுவில் அவர் கேள்விக்குக் கீழே தட்டி அனுப்பினாள்: 'மன்னிச்சுக்குங்க. பட்டியலைப் பாக்காம எழுதிட்டேன். அந்த போர்டுல ஓடாது. கடைக்காரர் சொல்ற போர்டையே வாங்குங்க.'

டிரைவரின் சட்டைப் பை 'டிங்' என்றது. அவர் எடுக்கவில்லை.

"அண்ணா, உங்க ஃபோன் அடிக்குது."

"அடிக்கட்டும்மா. டிப்போவுல இருந்து கூப்பிடுவாங்க, டூட்டி முடிஞ்சாலும் விடமாட்டாங்க."

"முக்கியமா இருக்கப் போகுது, பாருங்களேன். ப்ளீஸ்ண்ணா."

அழுதுவிடுவாள் போலிருந்தது. இதென்னடா வம்பு என்று அவர் ஃபோனை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் படித்தார். மறுபடி படித்தார், இந்த முறை வாய்விட்டு.

"அட! ஆந்தை சாரே எழுதிட்டாருங்க, நீங்க சொன்னதுதான் சரியாம்!"

கடைக்காரர் கண் தாழ்ந்தது. கவுண்டர்மேல் அவள் மொபைல் கிடந்தது. பெரிய கண் வைத்த ஆந்தை. கீழே அதே வரிகள். சட்டென்று உள்ளங்கையால் மூடினாள். மூடுவதற்குள் அவர் படித்துவிட்டார்.

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. கதவு எட்டடி தூரத்தில்தான். கால் நகரவில்லை.

"தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிறாரு பாரு, அதான் மனுஷன்," என்று டிரைவர் அவள் பக்கம் திரும்பினார். "கத்துக்கம்மா. சும்மா பெரியவங்க பேச்சுல குறுக்க வந்தா ஆச்சா?"

"சரிண்ணா," என்றாள் தரையைப் பார்த்து.

கடைக்காரர் உள்ளே போய் தான் சொன்ன போர்டின் பெட்டியை எடுத்துவந்தார். அதை டிரைவர் முன்னால் வைக்கவில்லை. எழுத்து நேராகத் தெரிகிற மாதிரி அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். தன் கணினியில் அந்த போர்டின் பட்டியலைத் திறந்து, திரையையும் அவள் பக்கமாகத் திருப்பினார்.

அவள் மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தாள். தலையசைத்தாள்.

அதற்கப்புறம்தான் அவர் நாடாவைக் கிழித்தார்.